கழற்றி வைத்த கைக்கடிகாரம்

அடிப்பதற்கு முன் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். எஃகுப் பட்டை போட்ட பழைய கடிகாரம். கொக்கியை நகத்தால் நெம்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கழற்றியதை ஃப்ரிட்ஜின் மேல், கண்ணாடி கீறாதபடி மல்லாக்க வைப்பார். பிறகு அதே ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டு, கறுப்பு ரப்பர் உறை போட்ட ஒயர்த் துண்டை எடுப்பார். எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்து, கடிகாரத்தை மறுபடி மாட்டிக்கொள்வார். அதன் பிறகு எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆரஞ்சு உரிப்பார். ஒவ்வொரு சுளையிலும் நாரை நீக்கி, கொட்டையை எடுத்து, எங்கள் வாயில் தானே ஊட்டுவார். நாங்கள் மென்று விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் விரலில் சோப்பு வாசமும் அதற்கடியில் கிரீஸ் வாசமும் இருக்கும். இன்றைக்கும் பேருந்தில் யாராவது ஆரஞ்சு உரித்தால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

'டிக்' கேட்டதும் அக்காவும் நானும் சுவரோடு ஒட்டி நின்று, உள்ளங்கைகளை அக்குளுக்குள் செருகிக்கொள்வோம். நீட்டச் சொல்லத்தான் போகிறார், தெரியும். நீட்டும்வரையாவது அவை கதகதப்பாக இருக்கட்டுமே என்றுதான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதா என்றுகூடத் தெரியாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரின் அடுக்குமாடிகளில் அவரைத் தெரியாத காவலாளி இல்லை. லிஃப்ட் நடுவில் நின்று யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே இருந்து பேசிக்கொண்டேதான் வேலை செய்வார். "பயப்படாதீங்கம்மா, உள்ளே ஃபேன் ஓடுதில்ல? என் வீட்டுல அதுகூட ஓடலை," என்பார். உள்ளே அழுதவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். 'லிஃப்ட்காரர் தங்கமான மனுஷன்' என்பது எங்கள் தெருவின் ஒருமித்த தீர்ப்பு. அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவர்கள் அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான்.

வீட்டுக்கு யாராவது வந்தால் தொழில் ரகசியம் என்று ஒன்றைச் சொல்வார்.

"கன்ட்ரோல் பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டிடணும். என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் கழட்டலை. பட்டை கரண்டுல பட்டுச்சு. மணிக்கட்டைச் சுத்தி வளையல் மாதிரி வெந்துபோச்சு. வேலைன்னு வந்துட்டா முதல்ல வாட்ச்சைக் கழட்டு, அப்புறம் கையை வை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சொன்ன முதல் பாடம் அது."

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதிப்பாள்.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவில் இருந்தாள். எங்கள் கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவருக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுடி. வேலை இடத்துல என்ன குடைச்சலோ, யாரு என்ன சொன்னாங்களோ." பெரியப்பா வந்தால், "அடிக்கிற கைதான் அணைக்கும்," என்பார். அத்தை ஒருபடி மேலே போய், "அடியாத மாடு படியாது," என்பாள். நான் பட்டம் வாங்கியபோது அவளே, "பார்த்தியா, படிஞ்சுதா இல்லையா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். மாடு என்று சொன்னதுகூட எனக்கு உறுத்தவில்லை. அந்த நேரத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உளவியல் எடுத்தேன் என்றதும் அப்பாவுக்கு ஒரே குஷி. "மனசைப் படிக்கப் போறாளாம்! எங்கே, என் மனசுல இப்ப என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"காப்பி," என்றேன்.

அந்த ஜோக்கை அவர் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். என் பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஃப்ரிட்ஜுக்கு நேர் எதிரே.

குடும்ப நெருக்கடி பற்றிய பாடத்தில் ஒரு படம் வந்தது. கட்டங்களும் அம்புக்குறிகளும் மட்டும். பணமுடை, வேலைச்சுமை என்று முதல் கட்டம். அதிலிருந்து பெற்றோரின் மன அழுத்தத்துக்கு ஓர் அம்பு. அங்கிருந்து கணவன் மனைவி சண்டைக்கு, அங்கிருந்து பிள்ளையிடம் காட்டும் கடுமைக்கு, கடைசியில் பிள்ளையின் வளர்ச்சிக்கு. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில்தான். அப்பாவைப் போட ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னதைத்தான் புத்தகம் அம்பு போட்டுச் சொல்கிறது என்று தோன்றியது. கைக்கடிகாரம் அந்தப் படத்தில் எங்கே வரும் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆய்வு மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளம். கம்பளம் விரித்த ஓர் அறை, தாழ்வான மேசை, பொம்மைப் பெட்டி, உயரமான அலமாரி ஒன்று. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அறையில் இருப்பவர்களுக்கு அதில் அவர்கள் முகம்தான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர்கள் தெரிவார்கள். குடும்பங்களை வரவழைத்து, பெரியவரையும் குழந்தையையும் உள்ளே விளையாடவிட்டு, அதைப் படம்பிடித்து, கையேட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. பெரியவர் குரலை உயர்த்தினாரா? அதட்டினாரா? குழந்தை முரண்டு பிடித்ததா? பொம்மைகளை எடுத்து வைக்கச் சொன்னால் வைத்ததா?

இருட்டறையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஒரு தாய் தன் பிள்ளையின் காதைத் திருகும் காட்சியை, கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கியபடியே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். "திருகினது வலது காதா இடது காதா?" என்று ஒருவர் கேட்பார். "நொறுக்குத்தீனி இருந்தாத்தான் கவனம் நிக்குது," என்பார் என் பக்கத்து இருக்கைக்காரர். அவர் யாருக்கும் முழு மதிப்பெண் தரமாட்டார். எவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்டாலும் அரையைக் குறைத்துத்தான் போடுவார். அதனால் அவருக்கு 'அரைமார்க்' என்று பெயர். எங்கள் தலைமை ஆய்வாளரை மேடம் என்போம். கெட்டவர் அல்ல. களைத்தவர்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடி வந்தாள். அவள் கணவர் கப்பல் வேலையில், வருடத்தில் பாதி கடலில். அக்கா ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை. தற்காலிகம். முழுநேரமாக மாறினால் வேலை நிரந்தரம்; ஆனால் பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற அப்பா மட்டும்தான்.

அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. தவழும் வயதிலேயே மேசை விரிப்பை இழுத்து எல்லாவற்றையும் கவிழ்த்தவள். பள்ளிக்குப் போக இன்னும் ஒரு வருடம் இருந்தது.

"சில வாரம் விட்டுப் பார்க்கறேன்டி," என்றாள் அக்கா. "வயசாயிடுச்சு அவருக்கு. சோறு ஊட்டறார், தலை வாரி விடறார். நமக்கு எப்படியோ, பேத்தின்னா உசுரு. என்ன சொல்றே? நீதானே படிச்சவ."

படித்தவள். கட்டமும் அம்பும் கண் முன்னால் வந்தன. வேலைச்சுமை போய்விட்டது, அழுத்தம் குறைந்திருக்கும், ஆகவே கடுமையும் குறையும் என்று படம் சொன்னது. என் உள்ளங்கைகள் வேறு சொல்லின. "தெரியலக்கா," என்றேன். "நானும் அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கறேன்."

போகும்போதெல்லாம் வீடு சுத்தமாக இருந்தது. வாலு ஒரு மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். "எவ்வளவு சமத்தாயிட்டா பாரு," என்பாள் அம்மா. வாலுவுக்கு வால் எங்கே போயிற்று என்று எனக்கு ஒரு சின்ன உறுத்தல். குழந்தைகள் வளரும், மாறும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

ஒருநாள் நான் மறந்துபோன குடையைக் கொடுக்க அப்பா மையத்துக்கே வந்துவிட்டார். எங்கள் லிஃப்ட் ஏறும்போதெல்லாம் முனகும். அவர் கதவில் காதை வைத்துக் கேட்டார். அதற்குள் மேடம் வந்துவிட்டார்.

"தண்டவாளத்துல எண்ணெய் இல்லம்மா," என்றார் அப்பா. "பெத்தவங்க கவனிக்கலைன்னா பிள்ளை கத்தத்தானே செய்யும்?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். டிக். "கொஞ்சம் வச்சிருங்கம்மா," என்று மேடத்தின் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, தொழில் பாடத்தையும் வெந்துபோன மணிக்கட்டையும் சொல்லிக்கொண்டே வேலையை முடித்தார். லிஃப்ட் சத்தமில்லாமல் ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கற தாத்தாக்கள் எங்களுக்குக் கிடைக்கிறதே இல்லை. உங்கள மாதிரி ஒருத்தர் வந்தா நல்லாயிருக்கும்," என்றார் மேடம்.

"என் பொண்ணு வேலை பார்க்கிற இடம். கூப்பிட்டா வராம இருப்பேனா?"

எனக்குத் தடுக்க ஒரு காரணமும் வாயில் வரவில்லை. அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் அது ஒரு பரீட்சைபோலத்தான் பட்டிருக்க வேண்டும். "உங்க ஆளுங்க பார்த்துச் சொல்லட்டும். நல்லபடியா வந்தா நான் நிம்மதியா வேலையை ஒத்துக்குவேன்," என்றாள். ஆக, வாலுவின் பகல் பொழுதுகளுக்கும் சேர்த்து எங்கள் கையேடு மதிப்பெண் போடப்போகிறது.

"நீ மார்க் போடாதே, சொந்தக்காரி. சும்மா உட்கார்ந்து பாரு," என்றார் மேடம்.

உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா தேய்த்த சட்டையில் வந்தார். வாலு புது கவுன். முதலில் இருவரும் கட்டை அடுக்கினார்கள். அவர் குதிரைபோலக் கனைத்தார். அரைமார்க் சிரித்தார். வாலு மரச் சுத்தியலை எடுத்து ஒரு கட்டையை 'டொக் டொக்' என்று அடிக்க ஆரம்பித்தாள். வால் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கட்டம் களிமண். அப்பா களிமண் டப்பாவை இழுத்து வைத்தார். பட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, கடிகாரத்தைக் கழற்றினார்.

டிக்.

அறையில் ஒலிவாங்கி இருந்தது. இருட்டறையில் அந்தச் சத்தம் எங்கள் காதருகில் கேட்டது. அப்பா எழுந்து, அலமாரியின் மேல் கடிகாரத்தை மல்லாக்க வைத்தார்.

வாலுவின் சுத்தியல் ஓங்கியபடியே நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியின் உச்சியைப் பார்த்தாள். பிறகு சுத்தியலைச் சத்தம் வராமல் பெட்டியில் வைத்தாள். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினாள். யாரும் சொல்லவில்லை. மேசையில் ஒரு துளி களிமண் கிடந்தது. அதைக் கவுன் ஓரத்தால் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் சுவரோரம் போய் நின்றாள். இரண்டு கைகளையும் குறுக்கே கொண்டுபோய் உள்ளங்கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

நான் என் கைகளைப் பார்த்தேன். அவையும் அங்கேதான் இருந்தன.

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். எங்களைப் பார்க்க முடியாது. நாங்கள் இருக்கிறோம் என்று தெரியும். "பார்த்தீங்களா? சொல்லாமலே எடுத்து வைக்குது," என்று புன்னகைத்தார். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார். உட்கார்ந்து உரித்தார். நாரை நீக்கினார். கொட்டையை எடுத்தார். வாலு கூப்பிடாமலே வந்து வாயைத் திறந்தாள். அவள் விழுங்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடா," என்றார் அரைமார்க், கையில் பாதி பிஸ்கட்டோடு. "என் சரித்திரத்துலேயே முதல் தடவையா முழு மார்க் போடறேன். குழந்தை ஒத்துழைப்பு அஞ்சுக்கு அஞ்சு. தாத்தா ஒரு அதட்டல் இல்லை, ஒரு கட்டளை இல்லை. இதம் அஞ்சுக்கு அஞ்சு. இனிமே என்னை முழுமார்க்னு கூப்பிடுங்க."

என் வாயில் ஆரஞ்சுப் புளிப்பு ஊறியது.

எங்கள் கையேட்டை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. கத்தல், அழுகை, அதட்டல், அறை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பயத்தை அவர்கள் சத்தத்தில் தேடினார்கள். சத்தமே வராத அளவுக்குப் பயந்த குழந்தைக்கு அதில் முதல் மதிப்பெண் கிடைக்கும். இப்படி ஒரு தவறைச் செய்ய, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கையேடு வைத்துக்கொண்டு பார்க்கத் தெரிந்தவர்களால்தான் முடியும். வழியில் போகிற யாராவது பார்த்திருந்தால், 'ஏன் இந்தப் பிள்ளை இப்படி நிக்குது?' என்று கேட்டிருப்பார்கள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, "உங்க அப்பா படத்தைப் புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சிக்கு வைக்கலாம்னு இருக்கேன். நல்ல பராமரிப்புக்கு உதாரணமா," என்றார்.

"மேடம், அவர் வாட்ச்சைக் கழட்டற இடத்தை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அவரைப் பார்க்காதீங்க. குழந்தையைப் பாருங்க."

போட்டார். பார்த்தார்.

"களிமண்ணுக்காகத்தானே கழட்டினார்?"

"ஆமா, மேடம். அன்னைக்குக் களிமண்ணுக்காக."

பிறகு மீதியைச் சொன்னேன். ஃப்ரிட்ஜ், ஒயர், சோப்பு, ஆரஞ்சு. சொல்லும்போது என் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. மேடம் தன் வலது உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். லிஃப்ட் முனகிய அன்று கடிகாரத்தை வாங்கி வைத்திருந்த கை.

"கையேட்டுல இதுக்கு மார்க் இல்லம்மா," என்றார் கடைசியில். "நீ அவர் பொண்ணு வேற. ஆனா பயிற்சிக்கு இது போகாது. குழந்தைப் பாதுகாப்பு அலுவலருக்கு நான் இன்னைக்கே சொல்லியாகணும். அதுக்கு முன்னாடி, தாய்க்குப் படத்தைப் பார்க்க உரிமை இருக்கு. உங்க அக்காவை வரச் சொல்லு."

அக்கா கடைச் சீருடையோடு வந்தாள். மார்பில் பெயர்ப் பட்டை. மறுநாள் அவள் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். "என்ன, பாஸா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மேடமும் நானும் எதுவும் விளக்கவில்லை. படம் ஓடியது. டிக் கேட்டதும் அக்காவின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது. வாலு சுவரோரம் போய் நின்றபோது, "போதும், நிறுத்து," என்றாள். ஆரஞ்சுவரை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

இருவரும் நேரே அம்மா வீட்டுக்குப் போனோம். வாலுவின் துணிகளை அக்கா ஒரு பையில் திணித்தாள். அப்பா பனியனோடு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கையில் இன்னும் மாவு.

"என்னம்மா இது, திடீர்னு?" என்றார் அப்பா.

"வாட்ச்சைக் கழட்டினதும் பிள்ளை சுவரோரம் போய் நிக்குது, படத்துல பார்த்தேன். அவளை அடிச்சீங்களா?"

"யாரு சொன்னா? இவளா?" என்று என்னைக் காட்டினார். "களிமண் ஒட்டும்னு வாட்ச்சைக் கழட்டினேன். அது ஒரு குத்தமா? வீட்டுக்குள்ளேயே போலீஸ் வளர்த்திருக்கேன் போல."

"களிமண்ணு அங்கே. இங்கே எதுக்குக் கழட்டினீங்க?"

அம்மா நடுவில் வந்தாள். "விடுடி. ஒரு தடவை ரெண்டு தடவை இருக்கும். கோபம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அக்கா பையைக் கீழே வைத்தாள். "கண்ணு மண்ணு தெரியாதவருக்கு, கண்ணாடி கீறாம வாட்ச்சை மல்லாக்க வைக்க மட்டும் எப்படிம்மா தெரியுது?"

அம்மா ஃப்ரிட்ஜின் மேற்பகுதியைப் பார்த்தாள். அத்தனை வருடம் அவள் துடைத்த இடம். மாவுக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா நாளிதழை மடித்தார். "என் கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்? இவளைக் கேளு, படிச்சிருக்காளே. மன அழுத்தம். அதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. லிஃப்ட் சரி பண்ணின அன்னைக்கு அந்த மேடமே சொன்னாங்க."

என் படிப்பு முழுவதிலும் அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல். தன் கையில் அது நன்றாகப் பொருந்துகிறதா என்று பார்த்துப் போட்டுக்கொண்டார். நசுங்கிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்த தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டங்களும் அம்புகளும் அவர்களுக்கு உண்மை. ஒரு கடிகாரத்துக்காக அந்தப் படத்தைக் கிழித்துப் போட நான் யார்? ஆனால் அழுத்தம் கையை ஓங்க வைக்கும். கழற்றி, பத்திரமாக வைத்து, பிறகு ஓங்கு என்று அது யாருக்கும் சொல்லித் தராது. அது அவர் தொழிலில் கற்றது. எங்களை அடிப்பது அவருக்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது. ஒழுங்காகச் செய்தார்.

அப்போது, அக்காவின் சீருடையைப் பிடித்துக்கொண்டிருந்த வாலு கேட்டாள். தைரியமாக அல்ல, வெறுமனே தெரிந்துகொள்ள.

"தாத்தா, பால் கொட்டினது நான் இல்லை. தம்ளர் தானா விழுந்துச்சு. அன்னிக்கு ஏன் வாட்ச்சைக் கழட்டினீங்க?"

அப்பா வாயைத் திறந்தார். முதல்முறையாக அவருக்கு ஜோக் வரவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு பாரு," என்றார். "நாளைக்குச் சொல்றேன்."

அக்காவுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அதே தெருவில் வீட்டிலிருந்தே துணி தைக்கும் ஒருவரிடம் அரைநாள் வாலுவை விட்டு, அரைநாள் மட்டும் பில் போடுகிறாள். இதைப்பற்றி அவள் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. அலுவலர் அப்பாவின் வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, அவர் ஜோக்குக்குச் சிரித்து, 'வீடு சுத்தமாக இருக்கிறது, குழந்தை இப்போது அங்கே இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். மையத்தில் அந்த மதிப்பெண் அப்படியே இருக்கிறது. கையேட்டைத் திருத்த வேண்டும் என்று மேடம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். அரைமார்க் இப்போது இருட்டறைக்குப் பிஸ்கட் கொண்டுவருவதில்லை.

வாலு அதன்பின் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்பா தெருமுனையில் அவளைப் பார்த்தால் கையசைப்பார். அவள் நிற்பாள், பதில் கேட்கக் காத்திருப்பதுபோல. அவர் கடந்து போய்விடுவார்.

அவர் இறந்தது மழைக்காலத்தில். லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில், தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள் என்று சரிபார்க்கப் போனவர், படிக்கட்டு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். சட்டைப் பையில் அவருடைய கடிகாரம் இருந்தது. வேலைக்காகக் கழற்றியிருந்தார்.

வீடு நிறைய ஆட்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவரால் வெளியே வந்தவர்களே ஒரு கூட்டம். அவர்கள் அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தை, "தங்கம் போச்சே," என்றாள். பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மனுஷன்னா அவன்தான். யாருக்கும் ஒரு பைசா கடன் வைக்காமப் போய்ச் சேர்ந்துட்டான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் ஆட்டவில்லை. அவள் வாலுவைப் பார்த்தாள்.

வாலு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து என் காதில் கேட்டாள்: "சித்தி, நாளைக்குச் சொல்றேன்னாரே தாத்தா?"

கேட்டவள் இவள். சொல்ல வேண்டியவர் அவர். அவர் சார்பில் தீர்த்துவிடலாமா என்று என் படிப்பையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் கைக்கு வரவில்லை. "தெரியலடா," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி, அவர் படுத்திருந்த பக்கம் பார்த்தபடி காத்திருந்தாள். அவளுக்குச் சேர வேண்டிய பதில் இன்னும் அவர் பேரிலேயே நிற்கிறது.